சவுரிக்குள் ஒரு பிடிச் சோறு

1

என் மகள் மாலாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொல்லும் நாள் வந்தால் எனக்குக் காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடாது. அவள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டாள். நானும்தான். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து தாளைப் புரட்டினால் போதும், என்னைப் பிடித்துக்கொண்டு போவதற்கென்றே இந்த மனிதர் வந்திருக்கிறார் என்று தோன்றிவிடும். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலை படிக்க வந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வீடு வாங்கி, வாசலில் ஒரு ரோஜாச் செடிகூட வைத்தாகிவிட்டது. பயம் மட்டும் கூடவே குடித்தனம் நடத்துகிறது. விமான நிலையத்தில் சோதனை போடுகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். போன தடவை மலேசியாவுக்கு வந்தபோது அந்தச் சோதனைக்கார அம்மாள் சிரித்தேவிட்டார். மாலாவுக்கு மானம் போய்விட்டது. "அம்மா, ப்ளீஸ், கையைக் கீழே போடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

நெகிரி செம்பிலானில் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களுக்கு, அதிலும் கொஞ்சம் வயதானவர்களுக்கு, நான் ஏன் கையைத் தூக்குகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை என்னைக் கூப்பிட்டது அவளுடைய ஆங்கில டீச்சர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார், நல்ல மனுஷி. 'எதிர்காலத்தில் ஒரு பயங்கர உலகம் இருப்பதாகக் கற்பனை செய்து கதை எழுதுங்கள்' என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். மாலா எழுதியதை டீச்சர் எனக்கு வாயாரச் சொன்னார். ஊரைச் சுற்றி முள்கம்பி. யார் வீட்டிலும் அரிசி இருக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் உலை. கடையில் தகர டப்பா வாங்கினால், எடுத்து வைத்துக்கொள்ள முடியாதபடி கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிற பெண்களின் மடியைத் தடவி, ஒரு பருக்கையாவது வெளியே போகிறதா என்று பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு பெண்.

"எங்கிருந்துதான் இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தோன்றுகிறதோ!" என்றார் டீச்சர்.

நான் சிரித்து வைத்தேன். எங்கிருந்து தோன்றும்? லுக்குட்டிலிருந்து புக்கிட் பெலண்டோக் பக்கம் போகிற செம்மண் பாதையிலிருந்து தோன்றும். ஒரே ஓர் இடம் மட்டும் நம்பும்படியாக இல்லை என்றும் டீச்சர் சொன்னார். அது எந்த இடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

2

மாலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு ஊட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். வாயைப் பூட்டிக்கொள்வாள். அப்போது அவளுக்கு நான் சொன்ன கதைதான் 'சோறு இல்லாத ஊர்'. கண்ணை அகல விரித்துக் கேட்பாள், வாயும் தானாகத் திறந்துகொள்ளும். எனக்கு எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவேன். அது அம்மா கட்டிவிட்ட கதை என்றே வளர்ந்துவிட்டாள். நானும் திருத்தவில்லை. பயந்து நடுங்கிய காலத்தைப் பிள்ளைக்குச் சொத்தாகவா எழுதி வைப்பார்கள்?

இப்போது அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், நடுவில் அவள் அப்பா இரண்டும் கலந்து ஏதோ சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். 'பெரட்டு' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. 'லயம்' என்றால் தோட்டத்து வரிசை வீடு என்று தெரியாமல், பாட்டோடு சேர்ந்தது என்று நினைக்கிறாள். அதற்கு மேல் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஒன்றில் மட்டும் என்னை உரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் படிக்க ஒரே மாதிரிப் புத்தகம்தான் வேண்டும். உலகம் கெட்டுக் குட்டிச்சுவராகி, மதிலுக்குள் மனிதர்களை அடைத்து, வாயையும் வயிற்றையும் யாரோ கணக்குப் பார்க்கிற கதைகள். நூலகத்தில் இருக்கிற பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும். புதிதாக ஒன்று வந்தால் எடுத்து ஒதுக்கி வைப்பாள். "இவ்வளவு பயந்தாங்கொள்ளி, இதையெல்லாம் எப்படித்தான் படிக்கிறாயோ" என்பார் என் கணவர். படிப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவேன், அது வேறு. மாலாவுக்கு அதைக் கண்டால் அவ்வளவு கோபம் வரும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், ரப்பர் தோட்டத்தில், பதினோரு வயதில்.

3

எங்கள் தோட்டத்தின் பேர் வேண்டாம். அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் காலி செய்யச் சொல்லி, எங்களை ஒரே இடத்தில் குவித்து, சுற்றி இரட்டைக் கம்பிவேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வழியாகச் சோறு போகிறதாம். அதனால் அரிசியை எடுத்துக்கொண்டார்கள். பொதுக் கொட்டகையில் பெரிய சட்டிகளில் வடித்து, தட்டை நீட்டினால் வெந்த சோறாகப் போடுவார்கள். வெந்த சோறு அந்தப் புழுக்கத்தில் மறுநாளே நூல்விட்டுப் போகும், ஒளித்து வைக்க முடியாது. அதுதான் கணக்கு.

காலையில் வேலி கேட் திறந்ததும், பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். சீனி போடாத கோப்பித் தண்ணி மட்டும் கொண்டுபோகலாம். பிடிபட்டால் ஜெயில். இல்லாவிட்டால் கப்பல். இங்கேயே பிறந்தவர்களைக்கூட 'ஊருக்கு' அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அப்பா, மரம் சாய்ந்து விழுந்து முன்னமே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவை லாரியில் ஏற்றிவிட்டால் நானும் தம்பியும் என்ன ஆவோம்? இதை நினைத்துத்தான் நான் தினமும் விழிப்பேன். பள்ளிக்கூடத்தில் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

பெண்களைச் சோதிக்கிற வேலை பாக்கியம் அக்காவுடையது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, லயத்துக் கோடியில் ஒற்றை அறை. மரம் வெட்டிக்கொண்டிருந்தவரைத்தான் கூப்பிட்டு அந்த வேலையில் வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'தடவுறவ' என்று பட்டப்பேர் வைத்தார்கள். சோற்றுக்கு நிற்கும்போதுகூட அவர் தட்டோடு தனியாகத்தான் நிற்பார்.

இதில் பெரிய சிக்கல் முனியாண்டி சாமிக்கு வந்தது. சாமி, வேலிக்கு வெளியே, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு கல்லாக இருந்தார். எங்களை உள்ளே கொண்டு வந்தவர்கள் அவரைக் கொண்டு வரவில்லை. வருஷத்தில் ஒரு படையல்கூட இல்லாமல் அவர் பட்டினி. எங்கள் சனத்துக்குப் பட்டாளத்தைக் கண்டு பயம்தான், ஆனால் பசித்த முனியைக் கண்டு அதைவிடப் பயம். யார் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் "சாமிக்குக் கோவம்" என்றுதான் சொன்னார்கள். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து கண் செருகியபோது அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து, "பிள்ளைய எழுப்பிக் குடுத்துரு, ஒரு பிடிச் சோறும் ஒரு சுருட்டும் கொண்டாந்து வைக்கிறேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார்.

தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

4

லுக்குட்டில் ஒரு நானா கடை இருந்தது. நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம்; சவர்க்காரம், வெற்றிலை, நீலம், எல்லாவற்றையும் பழைய தாளில் மடித்துக் கொடுப்பார். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் போய் வருவோம். ஒரு முறை சவர்க்காரம் மடித்த தாளைப் பிரித்துப் படித்தேன். ஒரு நாவலின் நடுப்பக்கம். ஒரு நகரம், சுற்றி மதில், ஊருக்கே ஒரே உலை. எந்த வீட்டுக் கூரையில் புகை தெரிந்தாலும் காவலர்கள் அந்த வீட்டை இடித்துவிடுவார்கள்.

இதை எழுதினவருக்கு எங்கள் தோட்டம் எப்படித் தெரியும் என்று பயந்தேன். எழுதினதற்காக அவரைப் பிடித்திருப்பார்களா என்று அதைவிடப் பயந்தேன். ஆனால் அந்தத் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. அதுவரை என் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முகம் தெரியாத யாரோ அதை அச்சில் போட்டிருந்தார்கள்.

அடுத்த முறை நானாவிடம் மீதித் தாள்களைக் கேட்டேன்.

"என்னா புள்ள, ஒனக்குச் சாமான் வேணுமா, தாளு வேணுமா?"

"தாளுதான் நானா."

"அல்லா! மொதமொத ஒரு புள்ள இப்புடிக் கேக்குது. அட்டையும் இல்ல, கடைசியும் இல்ல லா. கடைசித் தாளெல்லாம் மந்தின் ஊர்க்காரவுகளுக்கு வெத்தல மடிச்சிக் குடுத்தாச்சு. இருக்கிறத எடுத்துக்க."

இருந்ததை எடுத்துக்கொண்டேன். பேர் தெரியாத கதை, பேர் தெரியாத கதாநாயகி. சோற்று வரிசையில் நிற்கும்போது அதை உரக்கப் படிப்பேன். படிக்கத் தெரியாத பெண்கள் "ம், சொல்லு, சொல்லு" என்று சுற்றி நின்று கேட்பார்கள். வரிசை நகர்ந்தாலும் நகர மாட்டார்கள். அந்தக் கதையில், மதிலுக்கு வெளியே விதைப்பதற்காக அந்தப் பெண் விதைநெல்லைக் கொண்டைக்குள் முடிந்துகொண்டு வாசலுக்கு வருகிறாள். வாசலில் காவலன் நிற்கிறான். அத்தோடு தாள் தீர்ந்துவிட்டது.

"அப்பறம் என்னாச்சு?" அம்மாதான் முதலில் கேட்டார். "மாட்டிக்கிட்டாளா?"

"தெரியாதும்மா. கடைசித் தாளு இல்ல."

"என்னடி இது, நல்ல எடத்துல நிறுத்திப்புட்ட!" என்று பெண்கள் என்னைத் திட்டினார்கள்.

தள்ளி நின்ற பாக்கியம் அக்கா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வாசக்காரன் என்ன முட்டாப் பயலா? தலையத் தொட்டுப் பாக்காமயா விடுவான்."



5

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவோடு மரம் வெட்டுகிற இடத்துக்குப் போனேன், பால் பிடிக்கிற மங்கு கழுவி உதவி செய்ய. விடியற்காலை அம்மா தலையில் துணி கட்டுவதைப் பார்த்தேன். அடியில் சவுரிமுடி வைத்துக் கொண்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வைக்கிற சவுரி. மரம் வெட்டப் போகிறவள் எதற்குச் சவுரி வைப்பாள்? எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"வேணாம்மா. பாக்கியம் அக்காவும் கேட்டுச்சும்மா அந்தக் கதைய."

"வாய மூடிக்கிட்டு வா."

"அம்மா, கெஞ்சிக் கேக்குறேன்."

"அந்தச் சாமி குடுத்த பிள்ளைடி. திரும்பக் கேட்டா நான் எங்க போவேன்?"

வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர், பறித்த சாப்பாட்டைக் கொட்ட ஒரு வாளி, பக்கத்தில் பாக்கியம் அக்கா. மடியைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். பால் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அவருடைய கை அம்மாவின் தலைத்துணி மேல் வந்தது. அமுக்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

கடவுளே, அந்தக் கை நின்ற நேரத்தை நான் இன்னும் கடந்து வரவில்லை. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டி," என்றார் பாக்கியம் அக்கா, ஊருக்கே கேட்கிற குரலில், "கித்தா மரத்துக்குக் கல்யாணமா? சவுரி வெச்சி சிங்காரிச்சிக்கிட்டு வந்திருக்க!"

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். போலீஸ்காரரும், என்ன விஷயமென்று தெரியாமலே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில், தலைத்துணியை இறுக்கி விடுகிற மாதிரிக் குனிந்து, பாக்கியம் அக்கா மெல்லச் சொன்னார்: "எம் பேரையும் சொல்லிக் கும்புடு." பிறகு அம்மாவின் முதுகில் ஒரு தள்ளு. "போ, போ. அடுத்த ஆளு வா."

அம்மா கல்லுக்கு முன்னால் இலைத்துண்டில் அந்தப் பிடிச் சோற்றையும் சுருட்டையும் வைத்தார். தம்பி பேரைச் சொன்னார், என் பேரைச் சொன்னார், பாக்கியம் என்று சொன்னார். வெட்டு முடிந்து பால் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தால் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு பருக்கை தவிர இலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"சாப்புட்டுட்டாருடி!" அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுருட்டையும் காணோம். எறும்பு சோறு தின்னும், சுருட்டு பிடிக்குமா? மரங்களுக்குள் யாரோ நின்று எங்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

6

அம்மா நெருங்கின இரண்டு பேரிடம்தான் சொன்னார். அவர்கள் நெருங்கினவர்களிடம் சொன்னார்கள். சோற்று வரிசை முழுக்க ஒரே சந்தோஷம். யார் கொண்டு போனது என்று யாரும் கேட்கவில்லை. சாமிக்கு வயிறு நிறைந்தது, அது போதும்.

பட்டாளத்தார் கல்லடியில் சோற்றுப் பருக்கை ஒட்டிய இலையைக் கண்டுபிடித்தார்கள். எங்களை எல்லாம் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்தத் திடலில், வெயிலில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்க, ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி தமிழில் சொன்னார்.

"யாரு சோறு வெச்சது?"

கடைசியில் ஒரு பெண் சொன்னாள்: "அது மனுசாளுக்கு இல்லைங்கய்யா. சாமிக்கு வெச்சது."

அதிகாரி ஏதோ கேட்டார். கிராணி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி சாப்பிட்டாரான்னு கேக்குறாரு."

"சாப்புட்டாருங்க!" நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. எவ்வளவு பெருமை அந்தக் குரலில்!

கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எறும்பு தின்னுருக்கும், கொரங்கு தின்னுருக்கும். என்ன?"

எங்கள் சனத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் படையலை எறும்பு தின்றதாமே! "என்னங்கய்யா எறும்பு, கொரங்குன்னு? சுருட்டையும்ல எடுத்துக்கிட்டாரு!"

கிராணி கண்ணை மூடிக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. காட்டிலிருந்து ஆள் வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான் என்பதற்கு நாங்களே வரிசையில் நின்று சாட்சி சொல்லியிருந்தோம்.

கேட்டில் சோதனை பார்த்தது யார் என்று கேட்டார்கள். பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். யாரை விட்டாய் என்று கேட்டார்கள். அவர் திரும்பி எங்கள் வரிசையை ஒரு முறை பார்த்தார். அந்தக் கண் அம்மாவிடம் வந்தது. கண் அம்மாவைத் தாண்டிப் போய்விட்டது.

"நான்தான் சரியாப் பாக்கல தொரை. எந்தலையில போட்டுக்குங்க."

அம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. அவர் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார். உடனே பாக்கியம் அக்கா கத்தினார்: "ஏய்! பிள்ளையப் பிடிச்சிக்கிட்டு நில்லுடி! வெயில்ல மயங்கி விழப்போவுது!"

அம்மா நின்றார். நான் மயங்கவெல்லாம் இல்லை.

மாற்றுச் சேலை எடுத்துக்கொள்ளக்கூட அவரை விடவில்லை. லாரியில் ஏற்றினார்கள். சிரம்பான் ஜெயிலில் இருக்கிறார் என்றார்கள், அப்புறம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். நாகப்பட்டினம் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அம்மா அதற்குப் பிறகு சவுரி வைக்கவே இல்லை. அவசரகாலம் முடிந்து, சாகும்வரைக்கும் போட்ட ஒவ்வொரு படையலிலும் அந்தப் பேரைச் சொன்னார்.

லாரி போன அன்று மத்தியானம் நான் அந்தக் கிழிந்த தாள்களைத்தான் எடுத்துப் படித்தேன். படித்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தத் தாள்களில் அவள் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மாதிரிக் கதைகள் மேல் வந்த ஆசை இன்றைக்கும் விடவில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற வழக்கமும் அன்றைக்கு வந்ததுதான்.

7

டீச்சர் சொன்ன அந்த ஓர் இடத்துக்கு வருகிறேன்.

"சோதனை போடுகிற பெண் கண்டுபிடித்துவிட்டு, கண்டும் காணாமல் விட்டுவிடுகிறாள்" என்றார் அவர். "இப்படிப்பட்ட உலகத்தில் அது நடக்காது. தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்து யார் அப்படிச் செய்வார்கள்? அதை மட்டும் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலா தலையாட்டினாள். "மாத்திடறேன். அவளே பிடிச்சுக் குடுத்துடற மாதிரி எழுதறேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் எது சொன்னாலும் சரி என்று சொல்லி எழுந்து வருகிறவள் நான். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் காலமும் இலக்கணமும் எல்லாம் குழம்பிப் போய் வந்தது. ஆனாலும் சொன்னேன். "அதை மாற்றக்கூடாது. அந்தப் பெண்ணின் பேர் பாக்கியம். கொண்டையில் சோறு வைத்திருந்தது என் அம்மா. நான் பின்னால் நின்றிருந்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். மாலா என்னை அதற்கு முன் பார்த்தே இராதவள் மாதிரிப் பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில் போய் நின்றதும், எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளாகவே, தமிழில் கேட்டாள்.

"அப்புறம் என்னாச்சும்மா அவங்களுக்கு?"

சோற்று வரிசையில் அம்மா கேட்ட அதே கேள்வி. என்னிடம் இப்போதும் கடைசித் தாள் இல்லை. லாரி கேட்டைத் தாண்டிப் போனது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் சொன்னேன்.

அந்தக் காலத்தில் சிரம்பான் ஜெயிலில் இருந்தவர்கள், அந்தக் கப்பல்களில் போய்த் திரும்பி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், உங்களில் யாராவது இதைப் படிக்கக்கூடும். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, உரத்த குரல், பேர் பாக்கியம். பார்த்திருந்தால், அவர் போய்ச் சேர்ந்தாரா, யாராவது அவருக்கு ஒரு பிடிச் சோறு போட்டார்களா என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். வீட்டில் என் மகள் தினமும் கேட்கிறாள்.